அம்மாவுக்கு 1947, அப்பாவுக்கு 1954

வாத்தியார் பதில்கள்

ஆகஸ்ட் இதழ் என்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கொடியும் கோட்டையும்தான். மற்ற மாதங்களில் முட்டிவலிக்கு என்ன செய்யலாம், மருமகளிடம் எப்படிப் பேசலாம் என்று கேட்கிறவர்களுக்குக்கூட, நான் ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் என்பது இப்போது ஞாபகம் வந்துவிடுகிறது. சந்தோஷம். இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முட்டிவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

*

கேள்வி: சுதந்திரம் கொடுக்க ஆகஸ்ட் 15ஆம் தேதியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நல்ல நாள் பார்த்தார்களா?
– வாசகி, கும்பகோணம்

நாள் பார்த்தவர் மவுண்ட்பேட்டன். ஆனால் அவர் பார்த்தது பஞ்சாங்கத்தை அல்ல, தன்னுடைய பழைய டைரியை. 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. அப்போது தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதி அவர்தான். ஆக, அவருக்கு அது ராசியான தேதி.

லண்டனில் பிரதமர் அட்லி 1947 பிப்ரவரியில் சொன்ன கெடு 1948 ஜூன். மார்ச்சில் வைஸ்ராயாக வந்து இறங்கிய மவுண்ட்பேட்டன் அவ்வளவு நாள் தாங்காது என்று முடிவு செய்தார். ஜூன் 3ஆம் தேதி பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் பத்திரிகையாளர் கூட்டத்தில் ஆகஸ்ட் 15 என்று சொல்லிவிட்டார். எண்ணிப் பாருங்கள், 72 நாள். இன்றைக்கு ஒரு கல்யாண மண்டபம் பிடிக்கவே அதைவிட அதிக நாள் ஆகிறது. அதற்குள் ராணுவம், ரயில், கஜானா, ஆபீஸ் மேஜை நாற்காலி வரைக்கும் இரண்டு தேசங்களுக்குப் பங்கு பிரித்தாக வேண்டும். பிரித்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் பஞ்சாபிலும் வங்காளத்திலும் இருந்த ஜனங்கள்.

சரி, பஞ்சாங்கப்படி அது என்ன நாள்? சர்வசித்து வருடம், ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அதே வெள்ளி ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளியும்கூட. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அம்மா சொல்லித் தெரியும். அம்மாவின் பிறந்த ஊர் நாகூர். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். மத்தியானம் மாரியம்மன் கோயிலில் கூழ். சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி. "அன்னிக்கு எங்க வீட்டுல அடுப்பே பத்த வைக்கலை" என்பாள். சுதந்திரம் என்றால் அவளுக்கு முதலில் வரும் ஞாபகம் அதுதான்.

இன்னொன்றும் சொல்வாள். கிடைத்த இரண்டு மிட்டாயில் ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தோழிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவள் நோன்பு. வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, வாயில் போடவும் முடியாது. தாவணி முனையில் முடிந்து வைத்துக்கொண்டு, பாங்கு சொன்ன பிறகு அவிழ்த்தால், மிட்டாய் கரைந்து முடிச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முனையை அப்படியே வாயில் வைத்துச் சப்பினாளாம் அந்தப் பெண். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு எண்பது வயதிலும் சிரிப்பு அடங்காது.

*

கேள்வி: ஒரே நேரத்தில் பிறந்த பாகிஸ்தான் ஏன் ஒரு நாள் முன்னதாக, 14ஆம் தேதி கொண்டாடுகிறது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே தேதிதான், ஆகஸ்ட் 15. பாகிஸ்தான் 1948இல் வெளியிட்ட முதல் தபால்தலைகளிலேயே 15 ஆகஸ்ட் 1947 என்றுதான் அச்சாகியிருக்கிறது. மவுண்ட்பேட்டன் ஒரே ஆள். இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் நிற்க முடியாது. அதனால் 14ஆம் தேதி கராச்சியில் விழாவை முடித்துக்கொண்டு டெல்லிக்குத் திரும்பினார். பிறகு 1948இல் பாகிஸ்தான் 14ஆம் தேதியையே தன் நாளாக வைத்துக்கொண்டது.

இதைவிட வினோதம் ஒன்று உண்டு. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்ற, எல்லைக் கமிஷன் தலைவர் ராட்கிளிஃப்பின் தீர்ப்பு வெளியானது ஆகஸ்ட் 17ஆம் தேதி. அதாவது, 15ஆம் தேதி கொடியேற்றியபோது எல்லையோர ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதே தெரியாது. வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் இரண்டு நாள் பாகிஸ்தான் கொடி பறந்தது. பக்கத்து நதியா மாவட்டத்தில் சில ஊர்களில் இன்றைக்கும் ஆகஸ்ட் 18ஆம் தேதி ஒரு கொடியேற்றம் நடக்கிறது. அவர்களுக்கு விஷயம் தெரிந்த நாள் அதுதான்.

*

கேள்வி: 1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு செங்கோட்டையில் கொடியேற்றினார் என்று பேரனின் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். சரிதானே?
– தாத்தா, தாராபுரம்

ஒரு நாள் தள்ளிவிட்டது, தாத்தா. செங்கோட்டையில் அவர் கொடியேற்றியது 16ஆம் தேதி. 15ஆம் தேதி மாலை இந்தியா கேட் பக்கத்தில் பிரின்சஸ் பார்க்கில் கொடியேற்றினார்கள். கூட்டம் எக்கச்சக்கம், திட்டமிட்டபடி எதுவும் நடக்கவில்லை. பேரனிடம் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். நடுவர் தப்பு என்று மதிப்பெண் குறைத்தால் எனக்கு எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: சுதந்திர தினத்தில் கொடி ஏற்றுவதற்கும் குடியரசு தினத்தில் ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு என்கிறார்களே, உண்மையா?
– ஆசிரியை, திண்டிவனம்

உண்மை. ஆகஸ்ட் 15 அன்று கொடி கம்பத்தின் அடியிலிருந்து மேலே ஏறும். அந்நியக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய நாள் என்பதற்காக. ஜனவரி 26 அன்று கொடி ஏற்கெனவே உச்சியில் கட்டியிருக்கும், கயிற்றை இழுத்தால் விரியும். முன்னதற்கு டெல்லியில் பிரதமர், செங்கோட்டை. பின்னதற்குக் குடியரசுத் தலைவர், கடமைப் பாதை என்று இப்போது பெயர் மாறியிருக்கும் ராஜபாதை.

இதெல்லாம் டெல்லிக் கதை. நம் பள்ளிக்கூடங்களில் இரண்டு நாளும் ஒரே கதைதான்: உச்சியில் பூவோடு பொட்டலம் கட்டி வைத்து, சிறப்பு விருந்தினர் இழுக்க, பூ கொட்ட, பிள்ளைகள் கைதட்ட. அந்தப் பொட்டலம் கட்டுவது ஒரு தனி வித்தை, டீச்சர். கொடியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, உதிர்த்த ரோஜா இதழை நடுவில் வைத்துச் சுருட்டி, அவிழ்கிற கயிற்றால் ஒரே ஒரு சுருக்கு. சுருக்கு தளர்ந்தால் ஏற்றும்போதே பூ கொட்டிவிடும். இறுகினால் இழுக்கிறவர் மானம் போய்விடும்.

நான் உதவித் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் முந்தின நாள் சாயங்காலமே கட்டி ஏற்றிவிட்டார்கள். ராத்திரி நல்ல மழை. பருத்திக் கயிறு நனைந்து முறுக்கேறி முடிச்சு கல்லாகிவிட்டது. காலையில் விருந்தினர் இழுக்கிறார், வரவில்லை. பலமாக இழுக்கிறார், கம்பம் ஆடுகிறது. பி.டி. மாஸ்டர் ஓடிவந்து, தானும் ஒரு கை போட்டு இழுத்தால், பொட்டலம் பிரியாமல் கொடி மொத்தமாகக் கீழே வந்து விருந்தினர் தோளில் உட்கார்ந்தது. அவர் பெரிய மனுஷர். அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். நான் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். வாயெல்லாம் ரோஜா இதழ். பிறகு கொடியை விரித்துக் கீழேயிருந்து மேலே ஏற்றினோம். யோசித்துப் பார்த்தால், என் சர்வீஸிலேயே ஆகஸ்ட் 15 அன்று முறைப்படி கொடியேற்றிய ஒரே வருடம் அதுதான்!

*

கேள்வி: தமிழ்நாட்டில் முதலமைச்சர் கொடியேற்றும் வழக்கம் எப்போது வந்தது?
– வாசகர், சேலம்

1974. அதற்கு முன்பு வரை மாநிலங்களில் சுதந்திர தினத்துக்கும் ஆளுநர்தான். பிரதமர் டெல்லியில் ஏற்றுகிறபோது மாநிலத்தில் ஏன் முதலமைச்சர் ஏற்றக் கூடாது என்று மத்திய அரசிடம் கேட்டு வாங்கியவர் கருணாநிதி. அந்த வருடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கொத்தளத்தில் அவர் ஏற்றினார். நமக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல இது, எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

சென்னைக்குப் போனால் அதே கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் அந்தக் கோட்டையில் ஏறிய பட்டுக் கொடியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். சாயம் மங்கி, இழை நைந்துபோன கொடி. பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னால் சீக்கிரம் நகர முடியவில்லை.

*

கேள்வி: எங்கள் வகுப்பில் சுதந்திரப் போராட்டம் என்றால் தண்டி, சம்பாரண், ஜாலியன்வாலாபாக் என்றே வருகிறது. நம் பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லையா?
– பத்தாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

மன்னார்குடியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறாய்? உன் ஊர்த் தெரு வழியாகத்தானம்மா போனார்கள்!

1930 ஏப்ரல் 13, தமிழ் வருடப் பிறப்பு. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகத்துக்குக் கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். 150 மைல், பதினைந்து நாள் நடை, சித்திரை வெயில்.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஓர் உத்தரவு போட்டார். இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில். தண்டோரா போட்டுச் சொல்லியாயிற்று. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, நடைப்பயணம் வருகிற வழியில் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் கட்டியது? மரம்தான் கொடுத்தது. மரத்தை எப்படி ஜெயிலில் போடுவது? தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களின் குசும்பு அந்தக் காலத்திலேயே அப்படி. மிரட்டலையும் மீறி வெளிப்படையாக உபசரித்து ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு.

ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். அங்கே எல்லா ஏற்பாட்டையும் கவனித்துக்கொண்டவர் வேதரத்தினம் பிள்ளை. உப்பு வியாபாரக் குடும்பம், தன் தொழிலுக்கே உலை வைக்கிற காரியம் என்று தெரிந்தே செய்தார்.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்கள் யாரும் இல்லை, வைரப்பன். வேதாரண்யத்து நாவிதர். சத்தியாகிரகிகளை அடிக்கிற போலீஸுக்குச் சவரம் கிடையாது என்று அந்த ஊர் நாவிதர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் சீருடை இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். பாதி முகம் மழித்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. வைரப்பன் கத்தியை மடக்கிப் பெட்டியில் போட்டுவிட்டார். அதிகாரி முன்னால் நிறுத்தி மீதியை மழிக்கச் சொன்னபோதும் முடியாது என்றுவிட்டார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா. அப்படியே அகஸ்தியம்பள்ளி உப்பளத்துப் பக்கம் இருக்கிற சத்தியாகிரக ஸ்தூபியையும் பார். மரத்தில் சோறு தொங்கிய கதையைப் பரீட்சையில் எழுது. நான் திருத்தினால் ஐந்துக்கு ஐந்து.

*

கேள்வி: வ.உ.சி. சுதந்திரத்தைப் பார்த்தாரா?
– வாசகர், கோவில்பட்டி

இல்லை. 1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடியில் இறந்துபோனார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908இல் கைது, இரட்டை ஆயுள் தண்டனை, கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு. தண்டனை குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைந்துபோயிருந்தது. வக்கீல் சன்னதையும், அதாவது தொழில் செய்யும் உரிமத்தையும், பிடுங்கியிருந்தார்கள்.

பல வருடம் கழித்து அந்தச் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்ட மனுஷர் வீட்டில் வெள்ளைக்காரர் பெயரில் ஒரு பிள்ளை. சரித்திரத்தை வில்லன், கதாநாயகன் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த மாதிரி ஆட்கள் எந்தப் பெட்டியிலும் அடங்குவதில்லை.

*

கேள்வி: காந்தி அன்றைக்கு டெல்லி விழாவுக்கே போகவில்லையாமே?
– வாசகி, ஈரோடு

ஆமாம். கல்கத்தாவில் பெலியாகட்டா பகுதியில், ஹைதரி மன்ஸில் என்ற பழைய வீட்டில் இருந்தார். இந்து முஸ்லிம் கலவரத்தை நிறுத்தத்தான் அங்கே தங்கியிருந்தார், வங்காள முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ரவர்தியையும் கூடவே வைத்துக்கொண்டு. 15ஆம் தேதி அவருக்கு உண்ணாவிரதம், பிரார்த்தனை, ராட்டை. வாழ்த்துச் செய்தி கேட்டு வந்தவர்களைக் கையை விரித்து அனுப்பிவிட்டார்.

*

கேள்வி: பெரியார் சுதந்திர தினத்தைத் துக்க நாள் என்றார் என்பது நிஜமா, அவதூறா?
– வாசகர், விருதுநகர்

நிஜம். அதிகாரம் வெள்ளைக்காரனிடமிருந்து பார்ப்பன, வடநாட்டு முதலாளிகள் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. அண்ணாவுக்கு அதில் உடன்பாடில்லை. அந்நிய ஆட்சி போகிற நாள் எல்லாருக்குமே இன்பநாள்தான் என்று வெளிப்படையாக எழுதினார். ஒரே இயக்கத்துக்குள் தலைவரும் தளபதியும் ஆளுக்கொரு பக்கம். இரண்டு வருடம் கழித்து 1949இல் தி.மு.க. பிறந்ததற்கு வேறு காரணங்கள் சொல்வார்கள். விரிசல் இங்கேயே தெரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

என் தனிப்பட்ட ஓட்டு அண்ணாவுக்கு. ஆனால் கொண்டாடாதவர்களைத் துரோகி என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. துக்கம் என்று சொல்லவும் இடம் இருந்ததால்தான் அதற்குச் சுதந்திரம் என்று பெயர்.

*

கேள்வி: வீட்டில் கொடி ஏற்றினால் சாயங்காலம் இறக்கிவிட வேண்டுமா? பழைய கொடியை என்ன செய்வது? போன வருடக் கொடி மொட்டை மாடியில் கிழிந்து தொங்குகிறது.
– குடும்பத் தலைவி, மதுரை

முதலில் அதை இறக்குங்கள், அம்மா. கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது.

ராத்திரி இறக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் மாறிவிட்டது. வீட்டில் ஏற்றும் கொடி இரவும் பகலும் பறக்கலாம். கதர்தான் வேண்டும் என்பதும் 2021 டிசம்பரில் போய்விட்டது. பாலியஸ்டருக்கும் மெஷினில் தைத்ததற்கும் அனுமதி உண்டு. எனக்கென்னவோ கதர் காற்றில் ஆடுகிற அழகு பாலியஸ்டருக்கு வரவில்லை. அளவு எதுவானாலும் நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. காவி மேலே. வருடா வருடம் எங்காவது ஒரு அலுவலகத்தில் தலைகீழாக ஏற்றிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

நைந்த கொடியைத் துடைக்கும் துணியாக்குவதும் குப்பையில் போடுவதும் கூடாது. தனியாக, மரியாதையாக, முழுசாக எரித்துவிடலாம் என்று கொடி விதிகளே சொல்கின்றன. பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொண்டு வருகிற காகிதக் கொடிக்கும் இதே மரியாதைதான். 16ஆம் தேதி காலை தெருவைக் கூட்டுகிறவர்கள் விளக்குமாற்றால் எத்தனை கொடிகளைக் கூட்டுகிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

ஒரு காலத்தில் நீங்களும் நானும் நினைத்த நாளில் வீட்டில் கொடி ஏற்றவே முடியாது, தெரியுமா? 2002இல்தான் கொடி விதி தளர்ந்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் அதைக் குடிமகனின் அடிப்படை உரிமை என்றது.

*

கேள்வி: எத்தனையாவது சுதந்திர தினம் என்பதில் ஒவ்வொரு வருடமும் எங்கள் சங்கத்தில் சண்டை வருகிறது. பேனர் அடிக்க வேண்டும். சீக்கிரம் சொல்லவும்.
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

நடப்பு வருடத்திலிருந்து 1946ஐக் கழியுங்கள். 1947ஐக் கழித்தால் வருவது நிறைவடைந்த ஆண்டுகள். 'ஆவது' என்று அச்சடித்தால் முதல் கணக்கு, 'ஆண்டு நிறைவு' என்று அச்சடித்தால் இரண்டாவது கணக்கு. சண்டை போட இதில் ஒன்றும் இல்லை, அடுத்து பார்க்கிங்குக்குப் போங்கள்.

*

கேள்வி: புதுச்சேரியில் ஆகஸ்ட் 15, 16, நவம்பர் 1 என்று அடுத்தடுத்து விடுமுறை விடுகிறார்களே, எத்தனை முறை சுதந்திரம் வாங்கினார்கள்?
– வாசகர், விழுப்புரம்

விடுமுறை மேல் உங்களுக்குப் பொறாமை என்று தெரிகிறது. எனக்கு இது சொந்தக் கதை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு ஊர், புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பக்கத்து நிரவி. அம்மாவின் நாகூருக்கும் அதற்கும் மாட்டு வண்டியில் போய்வரும் தூரம்தான். ஆனால் நாகூர் வெள்ளைக்காரன் சீமை, நிரவி பிரெஞ்சுக்காரன் சீமை. 1947 ஆகஸ்ட் 15 அன்று அம்மா கூழும் கஞ்சியும் குடித்துக்கொண்டிருந்தபோது, வாஞ்சூரைத் தாண்டி இந்தப் பக்கம் அப்பா இன்னும் பிரான்ஸ் தேசத்து ஆட்சியில் இருந்தார். 1950இல் கல்யாணம் முடிந்து வந்த அம்மா, "சுதந்திரம் வாங்கின ஊர்லேருந்து வாங்காத ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன்" என்று சொல்லிக் காட்டுவாள்.

அக்கா தலைப்பிரசவம். ஆகவே வழக்கப்படி தாய்வீட்டில், நாகூரில் பிறந்தாள். நான் இரண்டாவது. 1954 பிப்ரவரியில் நிரவியிலேயே பிறந்தேன். என் பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. அப்பா பெயரைப் படிக்க எனக்கே இரண்டு நிமிஷம் ஆகும். "நான் இந்தியக் குடியரசுல பொறந்தவ, நீ வெளிநாட்டுக்காரன்" என்று அக்கா இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

நான் பிறந்த அந்த வருடம்தான் நெருக்கடி உச்சத்தில் இருந்தது. எல்லையில் பெர்மிட் முறை, சுங்கச் சோதனை. பேரனைப் பார்க்க வரவே பாட்டிக்குச் சீட்டு வேண்டும். யானம், மாஹே ஊர்கள் ஜூலைக்குள்ளேயே பிரெஞ்சுக்காரர்கள் கையைவிட்டுப் போயின. அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரிக்கு மேற்கே கீழூர் என்ற கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. அதுதான் விடுதலை நாள். எனக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது.

ஆனால் சட்டப்படி முடிய இன்னும் எட்டு வருடம் பிடித்தது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரியாவில் அவர்களுக்கு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலனியை எழுதிக் கொடுத்தால் இன்னொன்று கேட்குமே என்ற தயக்கம். 1962இல் அல்ஜீரியாவும் விடுதலையான பிறகே ஒப்புதல் வந்து, ஆகஸ்ட் 16ஆம் தேதி பத்திரம் கைமாறியது. அதைச் சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் என்று கீழூரில் கொடியேற்றிக் கொண்டாடுகிறார்கள். அந்த ஓட்டெடுப்பில் பங்கெடுத்த பிரதிநிதிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பத்திரம் கைமாறியபோது அங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். விருப்பப்பட்டால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரிய வாக்குவாதம். பெரியப்பா வியட்நாமின் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், ஊரில் 'சொல்தா' என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய். பென்ஷன் பிரான்ஸிலிருந்து வரும். அவர் பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். அப்பா இந்தியர். ஒரே கூடத்தில் ஒரே இலையில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பிக்கு இரண்டு தேசம். பெரியப்பா பிரான்ஸின் தேசிய தினமான ஜூலை 14 அன்று மெடலைக் குத்திக்கொண்டு காரைக்கால் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அப்பா நவம்பர் 1 அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போவார். அம்மா அசையவே மாட்டாள். அவளுக்கு ஆகஸ்ட் 15 ஒன்றுதான், அதுவும் பாயசத்தோடு. மூன்று நாளும் எனக்கு மிட்டாய் உண்டு என்பதால் எந்தக் கட்சியிலும் நான் சேரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? பாரதியார் வெள்ளைக்காரனிடமிருந்து தப்பி 1908 முதல் பத்து வருடம் தங்கியிருந்தது இந்தப் புதுச்சேரியில்தான். 1910இல் வந்த அரவிந்தர் திரும்பவே இல்லை. அவருடைய பிறந்த நாளும் ஆகஸ்ட் 15. அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்த நாளில் இந்தியா விடுதலையானது, அவர் உட்கார்ந்திருந்த ஊர் ஆகவில்லை. ஊரார் விடுதலைக்கு இடம் கொடுத்த ஊர் தன் விடுதலைக்கு ஏழு வருடம் காத்திருந்தது.

*

கேள்வி: இந்த 15ஆம் தேதி காலை நீங்கள் எங்கே இருப்பீர்கள், சார்?
– முன்னாள் மாணவி, மயிலாடுதுறை

தெருக்கோடியில் இருக்கிற ஊராட்சிப் பள்ளியில். ஏழரை மணிக்கே போய்விடுவேன். முடிச்சைப் பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியை கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு பஸ் பிடித்து நாகூரில் அக்கா வீடு. அவள் பாயசம் வைத்துவிட்டு, "வாங்க பிரெஞ்சுக்காரரே" என்பாள்.